மருந்து கொடுக்கும் கை

(நமது சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்தையொட்டி நடைபெற்ற மாதர் மகாநாட்டில், ஓய்வுபெற்ற தாதியொருவர் செய்த உபந்நியாசம்.)



மேடையேறிப் பேசிப் பழகியவள் அல்லேன். முப்பத்தாறு வருஷ காலம் வைத்தியசாலை வார்டுகளில், உறங்குவோரை எழுப்பிவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திப் பேசியே பழகியவள். ஆதலால் பின்வரிசையில் இருப்போருக்கு என் வார்த்தை எட்டாவிடில் தயைகூர்ந்து கையை உயர்த்திக் காட்டும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

காரியதரிசியவர்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் “வீட்டு வைத்தியம்” என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். சுக்கும் மிளகும் திப்பிலியும் என்னைவிட நன்றாய் அறிந்த பாட்டிமார் இச்சபையிலேயே பலர் இருக்கிறார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன். வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தை நோயாளிக்கு எடுத்துக் கொடுக்கிறோமே, அந்தச் சிறு காரியத்தைப் பற்றியே பேசப் போகிறேன். இவ்வருஷம் நமது சங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்றுத் தாதிப் பயிற்சிக்குச் செல்லும் பெண்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். நான் பயிற்சிக்குப் போன காலத்தில் என் சிற்றப்பா இரண்டு வருஷம் என் தகப்பனாரோடு பேசவில்லை. இன்று அந்தச் சிற்றப்பாவின் பேத்தியே இவர்களுள் ஒருத்தியாக இருக்கிறாள். இப்பெண்களுக்காகவும், வீட்டில் மாமனாருக்கும் தாயாருக்கும் வேளைதோறும் மாத்திரை பிரித்துக் கொடுக்கும் மற்றையோருக்காகவும் பேசுகிறேன்.

நமது பாஷையில் மருந்தென்னும் சொல் விநோதமானது. நோயைத் தீர்ப்பதும் மருந்து. பயிர்ப் பூச்சியைக் கொல்வதும் மருந்து. பாறையைப் பிளப்பது வெடிமருந்து. வேண்டாதவர் சோற்றில் கலந்து வைத்ததாகக் கிராமத்தார் அஞ்சுவதும் மருந்தே. இத்தனைக்கும் ஒரே சொல்லை வழங்கியது சொற்பஞ்சத்தினால் அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. திருவள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தைப் பாடி முடிக்குமிடத்தில், நோயாளியையும் வைத்தியனையும் ஔஷதத்தையும் சொல்லி, அவற்றோடு நான்காவதாக உழைச்செல்வானையும் சேர்த்து, இந்நான்கும் கூடியதே மருந்து என்கிறார். உழைச்செல்வான் என்றால் நோயாளியின் பக்கத்திற் சென்று பணி செய்பவன். மருந்தைக் கொடுப்பவனையும் மருந்தின் ஒரு பகுதியாகவே அவர் எண்ணியிருக்கிறார். எங்கள் பயிற்சிப் புத்தகங்களில் இதனைவிட மேலான இலக்கணம் ஒன்றை நான் படித்ததில்லை.

அந்த நான்காம் கூறு எவ்வளவு பெரிது என்பதற்கு நமது சென்னையிலேயே நடந்த ஒரு சோதனை திருஷ்டாந்தமாகும். 1956ஆம் வருஷத்தில், இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து, சேத்துப்பட்டில் ஒரு க்ஷயரோகச் சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தின. க்ஷயரோகியென்றால் மலைக்காற்றும், நல்ல ஆகாரமும், சானடோரியத்துப் படுக்கையும் இன்றிப் பிழைக்க முடியாதென்று நம்பிய காலம் அது. அந்நிலையத்தார் ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியாரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியாரை அவரவர் குடிசையிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகத்தையே வியக்கச் செய்தது. நெருக்கமான குடிசையில், குறைந்த ஆகாரத்தோடு இருந்தவர்களும் ஏறக்குறையச் சானடோரியத்தாரைப் போலவே குணமடைந்தார்கள். படுக்கையைக் காட்டிலும் பெரிது, மருந்து ஒழுங்காக உள்ளே போவதே என்று தெரிந்தது. அது போகிறதா என்று அறியும்பொருட்டுத் திடீரென வீட்டுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணுவதும், சிறுநீரைச் சோதிப்பதும் அங்கே வழக்கமாயின. கண்முன்னே மருந்தை விழுங்கச் செய்யும் முறை பிற்காலத்தில் தேசங்கள்தோறும் பரவியதற்கு அந்நிலையத்தின் அனுபவமும் ஒரு மூலகாரணம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தப் பெருமையைச் சொல்லியே எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். “மருந்தை விட்டுவிடாதே, ஒரு நாளும் தவறவிடாதே” என்பதே எங்களுக்கு உபதேசம். அவ்வுபதேசத்தை நான் அரைகுறையாகப் புரிந்துகொண்டதனால் விளைந்ததை இப்பொழுது சொல்ல வேண்டும்.

1983ஆம் வருஷம், அரசாங்க வைத்தியசாலையொன்றின் க்ஷயரோக வார்டில் எனக்கு வேலை. நகரப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஒருவர் அங்கே படுத்திருந்தார். வயது நாற்பதுக்கு மேல். தினந்தோறும் காலையில் அவருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடுவது என் முறை. ஒரு நாளும் தவறாமல், ஊசியைக் கொதிநீரில் சுத்தம் செய்து, அளவு பார்த்து, நேரம் பார்த்துப் போட்டு, பதிவுத் தாளில் கையெழுத்திட்டு வந்தேன். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஒரு நாள் அவர், “சிஸ்டர், ராத்திரியில் எழுந்தால் தரை ஆடுகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. காதிலே வண்டு இரைகிறாற்போல் ஒரு சத்தம்” என்றார். நான் சிரிஞ்சியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, “பலவீனம், அண்ணா. முட்டை சாப்பிடுங்கள், சரியாகிவிடும்” என்றேன். சொல்லிவிட்டு ஊசியைப் போட்டேன். பதிவுத் தாளில் ஊசியை எழுதினேன், வண்டை எழுதவில்லை.

ஸ்ட்ரெப்டோமைசின் காதின் உட்பாகத்து நரம்பைக் கெடுக்கக்கூடியது என்று நான் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். உடல் சமநிலையைக் காக்கும் பகுதி கெட்டால் தள்ளாட்டமும், கேட்கும் பகுதி கெட்டால் இரைச்சலும் பின்னர்ச் செவிடும் வரும். வயது ஏறியவர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இந்த அபாயம் அதிகம். கர்ப்பிணிக்குக் கொடுத்தால் வயிற்றிலுள்ள சிசுவின் செவிக்கே ஆபத்து. கெட்ட நரம்பு திரும்பத் தளிர்ப்பதில்லை. ஆரம்பக் குறி கண்டவுடன் வைத்தியருக்குத் தெரிவித்து ஊசியை நிறுத்தினால் மிஞ்சியதையாவது காப்பாற்றலாம். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆயினும் புத்தகத்தில் இருந்த “காதில் இரைச்சல்” என்னும் சொல்லும், கண்டக்டர் சொன்ன வண்டும் ஒன்றே என்பது அந்நேரத்தில் என் மனத்திற் படவில்லை. நோயாளிகள் புத்தகத்துப் பாஷையில் பேசுவதில்லை, பெண்களே! வண்டு என்பார்கள்; கம்பளி போட்டு மூடினாற்போல் என்பார்கள்; எறும்பு ஊர்கிறது என்பார்கள்; கண்ணில் புகை என்பார்கள். அவற்றைப் புத்தகத்தோடு சேர்த்துப் பார்ப்பது நம் வேலை.

சுமார் மூன்று வாரம் சென்றபின், அவர் மனைவி வந்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று பெரிய வைத்தியரிடம் அழுதபோதுதான் ஊசி நிறுத்தப்பட்டது. க்ஷயரோகம் குணமாயிற்று, செவி வரவில்லை. பஸ்ஸில் டிரைவர் கேட்பதும் பிரயாணி கூப்பிடுவதும் கேளாத கண்டக்டரை எப்படி வேலையில் வைத்திருப்பார்கள்? பெரிய வைத்தியர், “இந்த மருந்துக்கு இப்படி நேர்வதுண்டு” என்று சொன்னார். அது மெய்தான். அவர் அறியாத இன்னொரு மெய்யும் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. அந்தக் கண்டக்டரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போகும் நாளில் எனக்கும் கும்பிடு போட்டுவிட்டே போனார்.

இந்நாளில் க்ஷயரோகிகளுக்கு முதல் வரிசையில் அந்த ஊசி கொடுப்பதில்லை, எல்லாம் மாத்திரைகளே. ஆனால் அம்மாத்திரைகளுக்கும் குணதோஷங்கள் உண்டு. ரிஃபாம்பிசின் உண்டவருக்குச் சிறுநீர் செம்மஞ்சளாக இறங்கும்; அது குற்றமற்றது, பயப்பட வேண்டியதில்லை. இதை முன்னதாகச் சொல்லாமல் விட்டதனால், இரத்தம் போகிறதென்று பயந்து மருந்தையே நிறுத்திய மனிதர் பலரை நான் அறிவேன். ஐசோநயசிட் சிலருக்குக் கைகால்களில் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்ச்சியைத் தரும். பைரிடாக்சின் என்னும் வைட்டமினைச் சேர்த்துக் கொடுத்தால் தடுக்கலாம். எதாம்புடால் கண்பார்வையை மங்கச் செய்து, சிவப்பும் பச்சையும் வேறு தெரியாதபடி ஆக்கக்கூடும். இது தாமதமின்றி வைத்தியரிடம் ஓட வேண்டிய குறி. கண்ணும் தோலும் மஞ்சளித்து, உணவு வெறுத்துப் போனால், ஈரல் தாக்கப்பட்டதென்று சந்தேகிக்க வேண்டும். ஒரே மருந்துப் பொட்டலத்துள் பயப்பட வேண்டாததும் பயப்பட வேண்டியதும் இப்படி அருகருகே இருக்கின்றன. எது எதுவென்று முதல் நாளே நோயாளிக்குச் சொல்லிவிடுவது, மருந்தைக் கொடுப்பதிலேயே அடங்கிய வேலை. “சொன்னால் பயந்துவிடுவார்கள்” என்று சொல்லுவோர் உண்டு. சொல்லாமல் விட்டதனாலே கெட்டவர்களைத்தான் நான் அதிகமாய்க் கண்டேன்.

இனி, மருந்தைக் கொடுக்கும்போது நேரும் பிழையைப் பற்றிச் சிறிது கூறுவேன். பயிற்சியில் உங்களுக்கு ஐந்து ‘உரிய’வைகளை மனப்பாடம் செய்விப்பார்கள்: உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய வேளை. கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிப்பது எளிது. முதலாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நமது ஊர் வார்டுகளில் ஒரே சமயத்தில் மூன்று லக்ஷ்மிகளும் இரண்டு முருகன்களும் இருப்பார்கள். “நீங்கள் லக்ஷ்மியம்மாள்தானே?” என்று கேட்டால், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மூதாட்டி, அவர் பெயர் சரஸ்வதியாயிருந்தாலும் தலையை ஆட்டிவிடுவார். நர்ஸம்மாவுக்கு மறுத்துச் சொல்லக் கூடாதென்ற மரியாதை வேறு. ஆகையால் “உங்கள் பெயர் என்ன, அம்மா?” என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்லச் செய்து, கையில் கட்டிய பட்டையிலுள்ள எண்ணோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். பத்து நாள் பழகிய நோயாளியிடமும் அப்படியே கேட்க வேண்டும். அவர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

அளவு என்பதில் ஒரு புள்ளி உயிரை வாங்கும். அரை மில்லிகிராமை, புள்ளிக்கு முன் பூஜ்யம் இடாமல் வெறும் .5 என்று எழுதினால், மை மங்கிய தாளில் அது 5 ஆகிவிடும், ஐந்தை 5.0 என்று எழுதினால் 50 ஆகிவிடும். தொலைபேசியில் வைத்தியர் சொல்வதைக் கேட்டு எழுதினால், எழுதியதை அவருக்குத் திரும்பப் படித்துக் காட்டி, ஆமென்று சொன்ன பிறகே எடுக்க வேண்டும். டிகாக்சின் மாத்திரை கொடுக்குமுன் ஒரு நிமிஷம் முழுதும் நாடியை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் கொடாமல் நிறுத்தி வைத்து, வைத்தியரைக் கேட்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் இரத்தக் குழாயில் நேரே செலுத்தினால் இருதயம் அப்படியே நின்றுவிடும். பார்வைக்கு அது சாதாரண உப்பு நீர்ப் புட்டியையே ஒத்திருக்கும். அதனாலேயே செறிவான புட்டிகளை வார்டு அலமாரியில் வைக்கவே கூடாதென்னும் விதி பல தேசங்களில் வந்தது. பெனிசிலின் வகை ஊசிகளைப் போடுமுன், “முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமற் போனதுண்டா?” என்று கேட்க வேண்டும். போட்டபின் உடனே அப்பால் நகரக் கூடாது. மூச்சு முட்டி, உடம்பு தடித்து, நாடி விழுமானால் அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போட நிமிஷக் கணக்கே அவகாசம்.

யந்திரங்கள் வந்துவிட்டனவே, இனிப் பிழை நேராது என்று சிலர் நினைக்கலாம். 2017 டிசம்பரில், அமெரிக்காவில் டென்னசி மாகாணத்து வைத்தியசாலையொன்றில் நடந்ததைக் கேளுங்கள். 75 வயது மூதாட்டியொருவருக்கு ஸ்கான் எடுக்கும் அச்சம் தணியும்பொருட்டு, வெர்செட் என்னும் பெயரில் வழங்கும் மிடசோலம் மருந்தைக் கொடுக்க உத்தரவாயிற்று. அங்கே மருந்துகளை யந்திர அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். பெயரின் முதலெழுத்துக்களைத் தட்டினால் அறை திறக்கும். தாதி, வெர்செட்டின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துக்களைத் தட்டினாள். அவ்விரண்டு எழுத்தில் தொடங்கும் வேறொரு மருந்து வந்தது. அது வெக்குரோனியம், சத்திர சிகிச்சையின்போது தசைகளையெல்லாம் செயலற்றுப் போகச் செய்வது, சுவாச யந்திரம் பொருத்தாதவருக்குக் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும். வெர்செட் திரவம், இதுவோ நீர் விட்டுக் கரைக்க வேண்டிய பொடி. மூடியின்மேலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. இவற்றுள் ஏதாவதொன்றில் அவள் ஒரு கணம் நின்றிருந்தால் அந்த மூதாட்டி பிழைத்திருப்பார். மருந்தைச் செலுத்தியபின் அருகில் நின்று பார்த்திருந்தாலும் பிழைத்திருக்கக்கூடும். இரண்டும் நடக்கவில்லை, மறுநாள் அவர் இறந்தார்.

அத்தாதி அன்றே தன் பிழையை மறையாமல் ஒப்புக்கொண்டாள். 2022இல் நீதிமன்றத்தில் குற்றவாளியென்று தீர்ப்பாயிற்று. சிறைக்கு அனுப்பாமல் மூன்று வருஷம் கண்காணிப்பில் இருக்கும்படி தண்டனை விதித்தார்கள். அந்நாட்டுத் தாதிமார் பலர் தீர்ப்பைக் கேட்டு நடுங்கினர். இனிப் பிழை செய்தவள் யாரும் வாய் திறக்கமாட்டாளே, திறவாவிடில் அடுத்த நோயாளியை எப்படிக் காப்பது என்பது அவர்கள் கேள்வி. இறந்தவர் குடும்பத்தின் துயரத்தையும் நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் 1983இல் வாய் மூடியிருந்தவள் நான். எனக்கு ஒரு தண்டனையும் வரவில்லை. அந்த வார்டில் கண்டக்டருக்குப் பின்னும் அதே ஊசியைப் பெற்றவர்கள் இருந்தார்கள். “காதைப் பற்றிக் கேள்” என்று எங்களுள் யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. நான் சொல்லியிருந்தால் தினசரி அப்படிக் கேட்கும் வழக்கம் அன்றே ஏற்பட்டிருக்கும்.

வீட்டில் நேரும் பிழைகளுக்கு வருகிறேன். இதிலே ஆண்மக்களும் செவி சாய்க்க வேண்டும்.

நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்வோர் இல்லாத வீடு நம்மில் அபூர்வம். நமது தேசத்தில் விற்கும் இன்சுலின் புட்டிகளில் 1 மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. சிரிஞ்சியும் அவ்வாறே இரு வகை. 40க்குரியதற்குச் சிவப்பு மூடி, 100க்குரியதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40க்குரிய சிரிஞ்சியில் கோடு பார்த்து ஏற்றினால், 20 யூனிட் என்று நினைத்துப் போடுவது 50 யூனிட்டாகும். இரண்டரை மடங்கு. இரவில் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, பிதற்றி, காலையில் எழுந்திராதவரும் உண்டு. மாற்றிப் போட்டால் மருந்து பாதிக்கும் குறைந்து, சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். புட்டியிலுள்ள எண்ணும் சிரிஞ்சியிலுள்ள எண்ணும் ஒன்றாயிருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான்” என்றால், இல்லையென்று சொல்ல உங்களுக்குத் தைரியம் வேண்டும்.

குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலும் அப்படியே. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். சொட்டு மருந்தைச் சிரப்பென்று எண்ணி ஒரு கரண்டி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். 8 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 120 மில்லிகிராமே தகும். குழந்தைக்கு மருந்தளவு வயதைப் பார்த்தன்று, எடையைப் பார்த்தே. சமையலறைக் கரண்டி அளவுகோல் ஆகாது. புட்டியோடு வரும் மூடியையோ பிச்சாங்குழலையோ கொண்டுதான் அளக்க வேண்டும். டெங்குவோ என்று சந்தேகிக்கத்தக்க காய்ச்சலில் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் இரண்டும் கூடாது. இரத்தக் கசிவுக்கு இடமாகும்.

கீல்வாதத்திற்கும் சில தோல் நோய்களுக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை வாரத்திற்கு ஒரு நாள் மட்டும் உண்ண வேண்டியது. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் விழுங்கிவிட்டால், வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் குன்றி உயிருக்கே மோசமாகும். நான் வேலை பார்த்த கடைசி வருஷங்களில் அப்படி வந்த பாட்டியம்மாள் ஒருவரின் மருந்துச் சீட்டில் “வாரம்” என்ற சொல் இங்கிலீஷில் இருந்தது; வீட்டில் அதனைப் படிக்க ஆளில்லை. மருந்துச் சீட்டு உங்களுக்கு விளங்காவிட்டால், தமிழில் எழுதித் தரும்படி வைத்தியரையோ மருந்தாளுநரையோ தாதியையோ கேளுங்கள். இதிலே வெட்கம் என்ன?

கொடுக்கும் கை சரியாயிருந்தும் புட்டியிலேயே விஷம் இருப்பதும் உண்டு. 1937இல் அமெரிக்காவில் சல்பானிலமைடு என்னும் மருந்தை டைஎதிலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைத்து விற்றதனால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாகவே மறு வருஷம் அந்நாட்டில் கடுமையான மருந்துச் சட்டம் பிறந்தது. அதே விஷம் 2025இல், நம் காஞ்சிபுரம் ஜில்லாவில் தயாரான இருமல் சிரப்பொன்றில் கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது. இதை இச்சபையில் சொல்ல எனக்கே நா கூசுகிறது. அக்குழந்தைகளுக்குச் சிறுநீர் குறைந்து, பிறகு நின்றுபோயிற்று. எந்த மருந்து கொடுத்த பின்பும் குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழித்ததென்று தாய் கவனித்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல் சளி சிரப்புகளே கூடாதென்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் சாதாரணமாய் வேண்டாமென்றும் மத்திய அரசாங்கத்தின் சுகாதார இலாகா அவ்வருஷமே அறிவித்தது.

மருந்தினால் தீங்கு நேர்ந்ததென்று சந்தேகம் வந்தால் தெரிவிப்பதற்கு 2010 முதல் நம் தேசத்தில் ஓர் ஏற்பாடு இருக்கின்றது. காஸியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூல் ஆணையம் அதனை நடத்துகிறது. 1800-180-3024 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். வைத்தியர் மட்டுமன்றித் தாதியும், நோயாளியும், நோயாளியின் வீட்டாரும் தெரிவிக்கலாம். சந்தேகமே போதும், நிரூபிக்க வேண்டியதில்லை. ஓர் ஊரில் ஒருவர் சொன்ன வண்டு தனியே நின்றால் பலவீனம் என்று தோன்றும். பல ஊர்களிலிருந்து பலர் சொன்னதை ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது மருந்தின் குற்றமென்று புலப்படும்.

உறவினராகச் செல்லும் நமக்கும் ஒரு வேண்டுகோள். தாதி மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் சமயத்தில் அவளைக் கூப்பிடாதீர்கள். ஐம்பது பேர் படுத்திருக்கும் வார்டில் இரவு நேரத்தில் ஒருத்தியோ இருவரோ நிற்பார்கள். அவள் புட்டியின் பெயரைப் படிக்கும் கணத்தில், “ஃபான் சுற்றவில்லை, சிஸ்டர்” என்று நாம் அழைத்தால், அவள் கண் திரும்பும், கை திரும்பாது. பெயரை மறுபடியும் கேட்டால் கோபிக்காதீர்கள். “இது என்ன மருந்து, எதற்கு?” என்று நீங்களும் கேளுங்கள், நல்ல தாதி அதற்குச் சந்தோஷப்படுவாள். பிழை நேர்ந்துவிட்டதென்று ஒருத்தி தானாக வந்து சொன்னால், அவள்மேல் கை ஓங்குமுன், சொல்லாமலும் இருந்திருக்கலாமே என்பதை நினைத்துப் பாருங்கள். சில வருஷங்களுக்கு முன் நம் உறவினர் ஒருவர் குடும்பமே திரண்டு போய் ஓர் இளந்தாதியை அழவைத்தது. அவள் சொன்னதனால்தான் மாற்று மருந்து அன்று நேரத்தோடு கொடுக்கப்பட்டது. அக்குடும்பத்தார் இங்கேயும் இருக்கிறார்கள். என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்குச் செல்லும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வருஷத்திலேயே ஏதாவதொரு பிழை உங்கள் கையால் நேரும். பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அன்றிரவு விடுதியில் படுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாதென்று தேறுதல் கொள்வீர்கள். அப்போது எழுந்து போய் வார்டு அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். நோயாளி இன்னும் விழித்துத்தான் இருப்பார். நான் அந்தக் கண்டக்டரின் வீட்டைத் தேடிக்கொண்டு போனது ஒன்பது வருஷம் கழித்து. குடியிருந்த தெருவைக் கண்டேன். அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்களென்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். எந்த ஊரென்று அவர்களுக்கும் தெரியவில்லை.

மேஜையின்மேல் சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியுமாக இரண்டு சிரிஞ்சிகளும், ஒரு சொட்டு மருந்துப் புட்டியும், ஒரு சிரப்புப் புட்டியும் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு இலை போட இன்னும் அரைமணி நேரம் இருப்பதாகக் காரியதரிசியவர்கள் சொல்லுகிறார்கள். வீட்டில் இன்சுலின் போடுகிறவர்களும் கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களும் ஒவ்வொருவராக வந்து கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம்.